கழிகல்

நிக்கனோரா வக்கிஸ்தோ,
உன் குழாயைச் சுழல் இயந்திரத்திலிருந்து எடுத்தபோது
இயந்திரம்தான் பழுது என்று நினைத்தேன்.
நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு சிவப்பு.
மேலே கொஞ்சம் தெளிநீர், நகக்கண் அளவுக்கு.
எதில்பெர்தோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ரத்தமா, மிளகாய் விழுதா?" என்றான்.
சீட்டில் ஊர் பார்த்தோம்:
லா ரின்கொனாதா.
பிறகு அவன் சிரிக்கவில்லை.

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றைப் படி தட்டி அளக்கிற ஊர்.
அங்கே உன் மஜ்ஜை
இருபத்தாறு வருடம்
ஒரு ராத்திரிகூட அடுப்பை அணைக்கவில்லை.
வருகிற துளியையும் தவறவிடக் கூடாதென்று
கூடை கூடையாய்ச் செவ்வணுக்கள்.

ஊசி குத்தும்போது சொன்னாய்,
கையைப் பார்க்காமல், ஜன்னலில் கடலைப் பார்த்தபடி:
சுரங்கத்துக்குள் பெண் நுழைந்தால்
தங்கம் ஓடி ஒளிந்துகொள்ளுமாம்.
அதனால் ஆண்கள் கொட்டிய கழிகல் குவியலில் குந்தி,
சுத்தியலால் தட்டி,
நாக்கால் நனைத்து,
வெயிலுக்குத் திருப்பி,
ஒரு மினுக்கு இருந்தால் மடியில்.
இல்லையென்றால் சரிவில்.

நிக்கனோரா,
உன் இடது விலாவுக்கு அடியில்
ஒருத்தி இதே வேலையாய் இருக்கிறாள்.

மண்ணீரல். பெயரிலேயே மண்.
பாடப்புத்தகம் அவளைப் பெருவிழுங்கி என்கிறது.
அங்குள்ள சந்துகள் அணுவை விடக் குறுகல்.
இளசு வளைந்து நெளிந்து நழுவிவிடும்.
நூற்றிருபது நாள் ஓடிக் களைத்தது
விறைத்துப்போய் வாசலில் சிக்கும்.
எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

புரதம் தனியே, வேறெந்தச் சுவருக்கோ செங்கல்.
நிறமியின் வளையத்தைக் கடித்துத் திறந்தால்
இம்மி நச்சுப்புகை,
சுரங்க மோட்டார் கக்குகிற அதே புகை,
மூச்சோடு போய்விடும்.
வளையம் பச்சையாகும். பச்சை மஞ்சளாகும்.
மஞ்சள் ஈரலுக்குப் போய்ப் பித்தமாகி
கடைசியில் எங்கே சேரும் என்பதைக்
கழிப்பறையில் குனிந்து பார்த்த எவருக்கும் தெரியும்.

இரும்பை மட்டும் விடமாட்டாள்.
மடியில் முடிந்துவைத்து
ஆள் பார்த்து மஜ்ஜைக்கு அனுப்புவாள்.
உன் அம்மாவின் வயிற்றில் வாங்கிய இரும்பில்
ஒரு பங்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம்,
எத்தனையாவது பிறவியிலோ.

இப்போது நீ கடல்மட்டத்தில்.
மொயெந்தோவில் காற்று ஓசி.
இரவெல்லாம் கேட்பாரற்றுக் கொட்டுகிறது.
உடம்பு தலையெண்ணிப் பார்த்தது: ஆள் அதிகம்.
அடுப்பை அணைத்தது. நியாயம்தான்.
அதோடு நின்றிருக்கலாம்.
படித்த நாளிலிருந்து
எனக்கு மனம் ஒப்பாத இடம் இது:
கிழடுகளை விட்டுவிட்டு
போன வாரம் பிறந்ததுகளை,
எந்தச் சந்திலும் நழுவத் தெரிந்ததுகளை
அவள் பிடித்துப் பிடித்து உடைக்கிறாள்.
மலைக்கென்று பெற்றெடுத்த பிள்ளைகள்.
மலையைக் காணோம்.

பதினோராம் நாள், இரண்டாவது குழாய்:
அறுபத்துமூன்று.
கிடங்கில் இரும்பு மும்மடங்கு.
உன் கண்ணின் வெள்ளையில் லேசாய் மஞ்சள்.
பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.
நீ என் மேசைக் கண்ணாடியைச் சாய்த்து
இமையை இழுத்துப் பார்த்து,
"இத்தனை வருஷம் குப்பை கிளறி
இப்பத்தான் பொன் நிறம் ஒட்டியிருக்கு" என்றாய்.

திரும்ப ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டாய்.
அடுப்பு மறுபடி எரியும் என்றேன்,
உடைத்தெடுத்த அதே இரும்பை வைத்து.
"நல்லது, வீணாப் போகலை" என்றாய்.
நான் சொல்ல வந்தது அதுவல்ல.
வியாழக்கிழமை பஸ்ஸில் போய்விட்டாய்.

கட்டணத்துக்கு மேல் ஒரு கல் வைத்துப்போனாய்,
நிலக்கடலை அளவு.
கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
மத்தியானம் ஆய்வகம் காலியானதும்
நாக்கால் நனைத்து
ஜன்னலுக்குத் திருப்பிப் பார்க்கிறேன்.
இதுவரை ஒன்றும் தெரியவில்லை.